செம்பவாங் கரையின் கதை, தமிழில்: ஒரு பருவ உரைத்தொடர் எப்படி இருந்தது?

சிங்கப்பூரின் வடகரையான செம்பவாங்கில் இருப்பவர்களுக்கும், ஒரு காலத்தில் இருந்துவிட்டு ஜூரோங்குக்கோ தெம்பனிசுக்கோ மாறிப் போனவர்களுக்கும் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்த உரைத்தொடர் மறுபடி நடந்தால் தவறவிடாதீர்கள். குறைகள் உண்டு, அவற்றையும் சொல்லத்தான் போகிறேன். ஆனாலும் இங்கே இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளமான நேவல் பேஸின் தமிழர்களின் வாழ்க்கையை, தமிழிலேயே, அதே வட்டாரத்தில் உட்கார்ந்து கேட்கும் வாய்ப்பு எனக்கு இதற்கு முன் கிடைத்ததில்லை.

ஏற்பாடு எளிமையானது. இந்த வட்டாரத் தொண்டூழியர்கள் சிலர் சேர்ந்து நடத்தினார்கள். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழே இருக்கும் கூடத்தில் ஓர் உரை. கடைசி மாதம் மட்டும் உரைக்குப் பதிலாகக் கடலோர நடை. கட்டணம் கிடையாது. உரை முடிந்ததும் தேநீர், வடை, சில நாள் கேசரி. நாற்பது ஐம்பது பேர் வந்தார்கள், பாதிக்கு மேல் மூத்தோர். மலையாளிகளும் நிறைய வந்திருந்தார்கள். அது இயல்புதான். நேவல் பேஸில் அந்தக் காலத்தில் மலையாளிகள்தான் இந்தியர்களில் பெருங்கூட்டம். பண்டகசாலை, கணக்கு, எழுத்து வேலை என்று எங்கே போனாலும் அவர்கள் இருப்பார்கள். தமிழும் மலையாளமும் கலந்து கேள்வி கேட்ட சேச்சி ஒருவருக்கு அதே கலவையில் பதில் சொன்னார் பேச்சாளர். அந்த நிமிடமே கூடத்தில் இறுக்கம் தளர்ந்தது.

நான் ஏன் ஒன்று விடாமல் போனேன் என்றால், என் அப்பா தளத்தின் கப்பல் பட்டறையான டாக்யார்டில் பாய்லர் வேலை செய்தவர். பள்ளிக்கூடம் சேரும் வயது வரை தளத்துக்குள்ளேயே இருந்த தொழிலாளர் குடியிருப்பான குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். காலையில் சங்கு ஊதினால் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டும் நேரம். ஆகவே நடுநிலையாளர் எழுதும் மதிப்புரையாக இதைப் படிக்க வேண்டாம். அந்த வாழ்க்கையைச் சரியாகச் சொல்கிறார்களா என்று பார்க்க வந்தவள் எழுதுவது இது.

தொடக்க உரை தளம் ஏன் இங்கே வந்தது என்பதைப் பற்றி. பேச்சாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். தேதிகளை அடுக்கிக் கொண்டு போகாமல் ஒரு கேள்வியில் தொடங்கினார்: "இங்கிலாந்துக் கடற்படைக்கு இந்தச் சேற்றுக் கரையில் என்ன வேலை?" முதல் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானோடு இருந்த கூட்டணி முடிவுக்கு வந்தது. கிழக்கே ஒரு பெரிய கப்பல் படை நிற்க இடம் தேவைப்பட்டது. 1923இல் செம்பவாங்கைத் தேர்ந்தெடுத்து அறிவித்தார்கள். ஜோகூர் நீரிணை ஆழமானது, திறந்த கடலிலிருந்து ஒதுங்கியது. வேலை விட்டுவிட்டு நடந்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் பணம் நின்றது, பிறகு வந்தது. 1928இல் கப்பலைத் தூக்கி நிறுத்திப் பழுது பார்க்கும் ஒரு மாபெரும் மிதவைத் துறையை இங்கிலாந்திலிருந்து சூயஸ் கால்வாய் வழியாக இழுவைப் படகுகள் இங்கே இழுத்து வந்தன. ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயர் கொண்ட டிரை டாக், அதாவது தண்ணீரை வெளியேற்றிவிட்டுக் கப்பலைப் பழுது பார்க்கும் துறை, 1938 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. 1940இல் குவீன் மேரி கப்பலே அதில் ஏறி நின்றது. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது 1942 பிப்ரவரி 15. திறப்பு விழாவுக்கும் வீழ்ச்சிக்கும் நடுவே நான்கு ஆண்டும் ஒரு நாளும். இதைச் சொல்லிவிட்டு அவர் சற்று நேரம் பேசவில்லை. கூடமும் பேசவில்லை.

இந்த உரையின் உண்மையான சிறப்பு மேசைமேல் இருந்தது. தளத்தின் பழைய வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து, அதன்மேல் இன்றைய சாலைகளைச் சிவப்பில் வரைந்த ஒளிபுகும் தாளைப் போட்டிருந்தார்கள். தாளைத் தூக்கினால் 1950கள், இறக்கினால் இன்று. கேன்பரா, வெலிங்டன், மொன்ட்ரியல், ஜிப்ரால்டர், மால்டா, பெர்முடா என்று சாலைகளுக்கெல்லாம் பிரிட்டிஷ் பேரரசின் ஊர்ப் பெயர்கள் ஏன் என்பது அந்த ஒரு தாளில் விளங்கிவிடும். இன்று கேன்பராவில் எம்ஆர்டி நிலையமே வந்துவிட்டது, அங்கே புது வீடு வாங்கியவர்களுக்கு இது தெரிய நியாயமில்லை. தேநீர் நேரத்தில் யாரும் வடைப் பக்கம் போகவில்லை. ஆளாளுக்குத் தன் புளோக்கைத் தேடினார்கள். என் பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா கண்ணாடியைக் கழற்றி மாட்டி, விரலை வைத்துக் கோடு கோடாக நகர்த்தி, "இங்க தண்ணிக் குழாய், இங்க மலையாளத்துக்காரர் சாயாக்கடை, இங்க எங்க வீடு" என்று நிறுத்தினார். வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு சின்னப் பெட்டிக் கோடும் ஒரு எண்ணும் மட்டும் இருந்தன. தொண்டூழியர் ஒருவர் ஓடி வந்து அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் அவர் சொன்னதை எழுதிக்கொண்டார். தொடர் முடியும்போது அந்த வரைபடத்தில் பென்சில் எழுத்துதான் அதிகம். இதைத்தான் மற்றவர்களும் பின்பற்ற வேண்டும் என்பேன்.

அடுத்தது கப்பல் பயணம். சிங்கப்பூரில் எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் ஒரு தலைமுறைக்கு முன்னால் ரஜூலா வந்துவிடும். 1926இல் கட்டப்பட்ட கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. பேச்சாளர் இளம்பெண், முப்பது வயதுகூட இருக்காது, தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைக் கேட்டுக் கேட்டுத் தயாரித்திருந்தார். டெக் பயணிகள் எங்கே படுத்தார்கள், எதைச் சமைத்தார்கள், நாகப்பட்டினத்தில் கப்பல் கரையைத் தொடாமல் தள்ளி நிற்க, படகில் போய் எப்படி ஏறினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கேபினில் வந்தவருக்கும் டெக்கில் வந்தவருக்கும் இருந்த வேறுபாடு சிங்கப்பூர் வந்த பிறகும் தொடர்ந்ததை அவர் விட்டுவிடவில்லை. செயின்ட் ஜான்ஸ் தீவில் 1874 முதல் தொற்றுத் தடுப்பு நிலையம் இருந்தது. முந்தைய ஆண்டு காலரா பரவியதால் அமைத்தது. டெக்கில் வந்த ஏழைகள்தான் அங்கே இறக்கப்பட்டு, மருந்து நீரில் குளிக்க வைக்கப்பட்டு, நாள் கணக்கில் காத்திருந்தார்கள். இன்றைக்கு மரீனா சவுத் படகுத்துறையிலிருந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உல்லாசப் பயணம் போகிறோமே, அதே தீவு.

உரையின் நடுவே அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "இங்கே யாராவது அங்கே தங்கியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். பின்வரிசையில் ஒரு முதியவர் கையைத் தூக்கினார். எழ முயன்றவரிடம், "ஐயா, எழுந்திருக்க வேணாம், உக்காந்தே சொல்லுங்க" என்று ஒலிவாங்கியை அவரிடமே கொண்டு போனார். தாயோடு வந்த சிறுவனாக இருந்தாராம். அம்மாவின் புடவைகளை நீராவியில் போட்டு எடுத்துத் தந்ததும், அதில் சாயம் ஓடிப் போனதைப் பார்த்து அம்மா அழுததும் நினைவிருக்கிறது என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. அந்தப் பெண் அடுத்த படத்துக்குப் போக அவசரப்படவில்லை. தயாரித்து வைத்திருந்ததில் கால் பங்கை அன்று அவர் காட்டவே இல்லை. எனக்கு அந்தக் கால் பங்கைப் பற்றிக் குறையே இல்லை. பேச்சாளர்களைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இப்படிப்பட்ட இளையரைத்தான் தேட வேண்டும்: படித்தும் வர வேண்டும், நிறுத்தவும் தெரிய வேண்டும்.

தொழிலாளர்களைப் பற்றிய மாலைதான் இந்தப் பருவத்தின் உச்சம். உரை என்று சொல்வதைவிட உரையாடல் எனலாம். டாக்யார்டில் வேலை பார்த்த மூவர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் வெல்டர், ஒருவர் பெயின்டர், ஒருவர் கிரேன் ஓட்டியவர். வழிநடத்தியவர் கேள்விகளைச் சுருக்கமாகக் கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பெயின்டர் தன் டாக்யார்ட் பாஸைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். தோல் உறை, ஓரம் தேய்ந்து கறுத்துப் போயிருந்தது. உள்ளே மங்கிய படம், எண், முத்திரை. படத்தில் அவருக்கு மீசை அரும்பவில்லை. அது இல்லாமல் வாசல் தாண்ட முடியாது, உள்ளே குடியிருந்தவர்களுக்கும் அப்படித்தான். உறவினர் வந்தால்கூட வாசலில் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டி வண்ணம் அடிக்கும் வேலையைக் கையை உயர்த்திச் செய்தே காட்டினார். சாரத்தில் மல்லாந்து நின்று, மேலிருந்து துரு கண்ணில் விழ, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க. வெல்டர், அதே டிரை டாக்கில் தண்ணீரை வெளியேற்றும்போது அடியில் துள்ளும் மீனைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போன கதையைச் சொன்னார். கூடமே சிரித்தது. என் அப்பாவும் அப்படி மீன் கொண்டு வருவார். அது எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

1952 டிசம்பர் இறுதியில் கடற்படைத் தளத் தொழிலாளர் சங்கம் நடத்திய வேலைநிறுத்தத்தையும் தொட்டார்கள். தொட்டார்கள் என்றுதான் சொல்ல முடியும், நேரம் போதவில்லை. மூவருமே அதற்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள், மூத்தவர்கள் சொல்லக் கேட்டதைத்தான் சொன்னார்கள். சம்பளத்துக்காக ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்த ஒரு போராட்டம், தமிழரும் மலையாளிகளும் மலாய்க்காரர்களும் சீனர்களும் ஒன்றாக நின்றது. அதற்கே ஒரு தனி மாலை ஒதுக்கியிருக்க வேண்டும். தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் மின்வழித் தொகுப்பில் தேடலாம் என்று ஒருவர் எழுந்து சொன்னார். நல்ல யோசனை. நானும் வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்துவிட்டேன்.

இதற்கு அடுத்த மாலை ஏமாற்றம். 1968க்குப் பிறகான கப்பல் பட்டறையின் கதை என்றார்கள். பொருள் அற்புதமானது. பிரிட்டிஷ் அரசு 1968 ஜனவரியில் 1971க்குள் வெளியேறுவோம் என்று அறிவித்தபோது, நாட்டின் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு படைத்தளங்களை நம்பி இருந்தது. வீட்டில் அப்பாவும் அம்மாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்ட இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன. அதே ஆண்டு டிசம்பரில் டாக்யார்ட் ஒரு வெள்ளி என்ற அடையாள விலைக்குச் சிங்கப்பூர் அரசிடம் வந்தது. செம்பவாங் கப்பல் பட்டறை பிறந்தது. நிர்வாகத்துக்கு அழைக்கப்பட்டது ஸ்வான் ஹண்டர் நிறுவனம், 1928இல் அந்த மிதவைத் துறையைக் கட்டியதும் அவர்கள்தான். போர்க்கப்பலைப் பழுது பார்த்த கைகள் எண்ணெய்க் கப்பலைப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கதையின் உயிர். ஆனால் பேச்சாளர் திரையில் இருந்ததை வரி விடாமல் வாசித்தார். வளர்ச்சி விகிதம், ஆண்டு வருமானம், மறுபடி வளர்ச்சி விகிதம். வேலை போனவர் எத்தனை பேர், யார் தங்கினார்கள், யார் இங்கிலாந்துக்கோ ஊருக்கோ கப்பல் ஏறினார்கள், குவார்ட்டர்ஸைக் காலி செய்த குடும்பங்கள் எங்கே போயின என்று ஒரு சொல் இல்லை. முந்தைய மாலை பேசிய அந்த மூவரில் இருவர் பார்வையாளராக வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் ஒலிவாங்கியைக் கொடுத்திருந்தால் அரைமணி நேரத்தில் எல்லாம் கிடைத்திருக்கும்.

கோயில், பள்ளிவாசல் பற்றிய மாலை அமைதியாக, நிறைவாக இருந்தது. ஈசூன் தொழிற்பேட்டையில் இப்போது இருக்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் 1960களில் கேன்பரா சாலை ஓரத்தில் ஒரு மரத்தடியில் தளத் தொழிலாளர்கள் கும்பிட்டதில் தொடங்கியது. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கும் பிள்ளைகள் பலருக்கு அந்த மரம் டாக்யார்டோடு சேர்ந்தது என்று தெரியாது. செம்பவாங் பூங்கா அருகே மரங்களுக்கு நடுவே இருக்கும் பெத்தெம்பத்தான் மலாயு பள்ளிவாசலைப் பற்றி மலாய் நண்பர் ஒருவர் வந்து பேசினார். தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னவர் நன்றாகச் செய்தார். இந்த ஒரு மாலையில்தான் அக்கம்பக்கத்து மலாய்க் குடும்பங்கள் வந்தன. இது இன்னும் நடக்க வேண்டும்.

வெந்நீர் ஊற்றுக்கு யாரோ கால் மணி நேரம் கொடுத்தார்கள். 1909இல் கண்டறியப்பட்டது, 1920களில் ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் அந்த நீரைப் புட்டியில் அடைத்து விற்றது, 2020இல் பூங்காவாகத் திறந்தார்கள். முட்டை வேகவைக்கப் போகிறவர்களுக்கு இவ்வளவு போதும்.

கடைசி நடைக்கு வருகிறேன். காலை ஏழரைக்குப் பூங்காவில் கூடி, பியூலியூ ஹவுஸ், படகுத்துறை, அங்கிருந்து கரையோரமாகக் கப்பல் பட்டறை வேலி தெரியும் இடம் வரை. அக்கரையில் மலேசியாவின் பாசிர் கூடாங்கின் கிரேன்களும் தொட்டிகளும் துல்லியமாகத் தெரிந்தன. பியூலியூ ஹவுஸ் கடற்படை வருவதற்கு முன்பே நின்ற வீடு, தளத்துக்காக நிலம் எடுத்தபோது கைமாறியது, இப்போது உணவகம். வழிகாட்டியவர் பட்டறை நிலத்தின் எதிர்காலத்தையும் சொன்னார். கப்பல் பழுதுபார்க்கும் வேலைகள் தீவின் மேற்கே உள்ள துவாசுக்கு மாற்றப்படுகின்றன. இந்தக் கரையைக் கடலோரக் குடியிருப்பும் பொழுதுபோக்கும் கலந்த வட்டாரமாக மாற்றும் திட்டத்தை 2025 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் பேசியிருக்கிறார். எனக்கு அதில் மனக்குறை இல்லை, வேலி போய் மக்கள் நடமாடினால் நல்லதுதான். ஆனால் அந்த டிரை டாக்கைச் சுற்றி நடக்கும் இடத்தில் வைக்கப்போகும் விளக்கப் பலகைகளில் தமிழ்த் தொழிலாளி இருப்பானா, இருந்தால் ஒரு வரியா, ஒரு பக்கமா? இப்போது பென்சிலால் எழுதி வைப்பதுதான் அன்றைக்குக் கேட்டு வாங்க நம்மிடம் ஆதாரமாக இருக்கும். நடையில் சிரமம் என்றால் வெயில் மட்டுமே. ஏழு மணிக்கே தொடங்கியிருக்கலாம். சக்கர நாற்காலியில் வந்தவருக்கு ஒரு தொண்டூழியர் கடைசி வரை கூடவே வந்தார், அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

இனி குறைகள். பதிவு செய்ய கியூஆர் குறியீடு மட்டுமே. யாருக்காக இந்தத் தொடரோ, அந்த எண்பது வயதுக்காரர்களே பதிவு செய்ய முடியாமல் பேரப்பிள்ளைகளுக்காகக் காத்திருந்தார்கள். சமூக மன்றத்திலோ கோயிலிலோ ஒரு தாளை வைத்துப் பெயர் எழுதச் சொன்னால் என்ன? கூடத்தில் ஒலி சுமார். குளிர்சாதனத்தின் இரைச்சலில் பின்வரிசைக்குப் பாதிப் பேச்சு போய்ச் சேரவில்லை, அங்கேதான் காது மந்தமானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி நேரம் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் முடிந்தது. எட்டு மணிக்குக் கூடத்தை ஒப்படைக்க வேண்டும் என்ற நெருக்கடி புரிகிறது, அப்படியானால் வரவேற்புரையையும் நினைவுப் பரிசையும் குறையுங்கள். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்திய நேரத்தில் ஒரு முதியவர் தன் கதையை முடித்திருப்பார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ஒலிப்பதிவு செய்யவில்லை. படம் எடுத்தார்கள், முகநூலில் போட்டார்கள். புடவைச் சாயம் ஓடிய கதையும் சாரத்தில் மல்லாந்து நின்ற கதையும் பதிவாகவில்லை. கைத்தொலைபேசியை மேசையில் வைத்து, பேசுகிறவரிடம் ஒப்புதல் கேட்டுப் பதிவு செய்தாலே போதும். பெண்களின் குரலும் குறைவு. டாக்யார்டுக்குள் போன ஆண்களைப் பற்றிக் கேட்டோம். அதிகாரி வீடுகளில் துணி துவைத்தவர்கள், சமைத்தவர்கள், இடியப்பம் அவித்து விற்றவர்கள் எல்லாம் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள், முன்னால் அழைத்து உட்கார வைக்கத்தான் ஆளில்லை.

ஏப்ரலில் தமிழ்மொழி விழா வரும்போது தீவு முழுக்க நிகழ்ச்சிகள் நிரம்பி வழியும், எதற்குப் போவது என்று திணறுவோம். ஆண்டின் மற்ற மாதங்களில் வட்டார அளவில் இப்படி நிதானமாக நடப்பது அரிது. அதனாலேயே இது தொடர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பதின்ம வயதுப் பிள்ளைகளை அழைத்து வருகிறவர்களுக்கு: தொழிலாளர் மாலை மாதிரியான உரையாடல்களுக்கு அழைத்து வாருங்கள், புள்ளிவிவர மாலைகளுக்கு வேண்டாம். வரைபடம் இருக்கும் மேசையருகே சீக்கிரம் போய் நின்றுகொள்ளுங்கள்.

அடுத்த பருவத்துக்கான கருத்துப் படிவத்தில் இரண்டு தலைப்புகள் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: 1952 வேலைநிறுத்தம், குவார்ட்டர்ஸ் பெண்கள். முதல் தலைப்புக்கு ஒரு பெரியவரின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தேன். எங்கள் அப்பாவோடு வேலை பார்த்தவர், வேலைநிறுத்தத்தின்போது புதிதாகச் சேர்ந்த இளைஞர், தொண்ணூறைத் தாண்டிவிட்டார். சனிக்கிழமை மாலை அவருக்குச் சரிப்படாது, காலை பத்து மணிக்குத்தான் தெளிவாகப் பேசுவார். அடுத்த பருவம் வரை காத்திருக்காமல் இந்த மாதமே வீட்டுக்குப் போய்ப் பதிவு செய்யலாம், நானும் கூட வருகிறேன் என்று படிவத்தின் கீழே எழுதியிருக்கிறேன்.